திக்கான டீ என்றால் எவ்வளவு திக்கு?

ஊட்டி, குன்னூர் போய் வந்த குடும்பங்களில் ஒரு புகார் தவறாமல் இருக்கும். சிம்ஸ் பூங்காவைச் சுற்றிவிட்டு ஒரு கடையில் டீ குடித்தோம், அபாரமாக இருந்தது. அங்கேயே அரைக் கிலோ தூள் வாங்கி வந்து வீட்டில் போட்டால் அந்த ருசி வரவில்லை. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று தீர்ப்புச் சொல்லி, டப்பாவை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவோம்.

தூள் அதேதான் என்று வைத்துக்கொண்டாலும் இந்த வித்தியாசம் வரும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். ஆகவே அங்கே தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அருகிலேயே தளதளவென்று கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மதுரையில் அது கிட்டத்தட்ட 100 டிகிரி. தண்ணீரின் குணமும் வேறு. மலை நீரில் கரைந்த உப்புகள் பொதுவாகக் குறைவு. சமவெளியின் பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி. டீயின் மேல் படியும் ஏடு போன்ற படலம் எதனால் வருகிறது என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோவும் டி. ஜகன்யியும் ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கால்சியம், பைகார்பனேட் இரண்டும் தண்ணீரில் இருந்தால்தான் படலம் உண்டாகிறது. ஒன்று இல்லையென்றால் இல்லை. இரண்டும் உள்ள தண்ணீரில் டீயின் நிறமும் மங்கும்.

சுற்றுலா போனவருக்கு இது ஒரு நாள் புலம்பல். தேயிலைத் தூளைக் கலந்து, பெயர் போட்டுப் பாக்கெட்டில் விற்பவர்களுக்கு இதுவே பிழைப்பு. குன்னூர் அப்படிப்பட்ட ஊர். குன்னூர் தேயிலை வணிகச் சங்கத்தின் ஏலம் 1963 முதல் நடக்கிறது. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் அமைப்பான உபாசி, தேயிலை வாரியத்தின் தென்மண்டல அலுவலகம், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளைச் சேர்த்து நடத்தும் இன்கோசர்வ் எல்லாம் இங்கேதான். ஏலத்தில் பல தொழிற்சாலைகளின் சரக்கை எடுத்து, வாடிக்கையாளருக்குத் தகுந்தபடி சேர்ப்பவரை பிளெண்டர் என்பார்கள். அவர் செய்வது வெறும் கலவை வேலையாகத் தெரியும். உண்மையில் அது வடிவமைப்பு: இதுவரை இல்லாத ஒரு பொருளை, ஒருவருடைய தேவைக்கு ஏற்ப உருவாக்குவது.

தேவை எப்படி வந்து சேரும் என்பதுதான் சிக்கல். தெற்கே ஓர் ஊரில் ஐம்பது டீக்கடைகளுக்குத் தூள் போடும் மொத்த வியாபாரி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"சார், நல்லா திக்கா இருக்கணும். கலர் இறங்கணும். குடிச்சா சுறுசுறுன்னு இருக்கணும். கிலோவுக்குக் கப்பு கூட வரணும். ரேட்டு மட்டும் பார்த்துப் போடுங்க."

"பண்ணிரலாம் அண்ணாச்சி."

இந்தப் 'பண்ணிரலாம்' என்ற ஒரு சொல்லில் எத்தனை வியாபாரம் படுத்திருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. அண்ணாச்சி மனதில் ஒரு டீ. பிளெண்டர் மனதில் இன்னொரு டீ. இரண்டும் வேறு என்பது மூட்டைகள் லாரியில் போய் இறங்கிய பிறகுதான் தெரியவரும்.

தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 என்ற பன்னாட்டு விதிமுறை 1987இல் முதலில் வெளிவந்தது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த இடத்தைக் குறிவைத்துப் பேசுகிறது. வாடிக்கையாளர் எதையும் எழுதித் தரவில்லை என்றால், அவர் கேட்டது இன்னது என்று அவரிடமே உறுதிசெய்துகொண்டுதான் ஆர்டரை ஏற்க வேண்டும். வடிவமைப்பு தொடங்கும்போது கையில் இருக்கும் தேவைகளை 'வடிவமைப்பு உள்ளீடு' என்று சொல்லலாம். அவை முழுமையாகவும் இரண்டு பொருளுக்கு இடம் தராமலும் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று மோதினால் தீர்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இவ்வளவும் விதியில் இருக்கிறது. எப்படிச் செய்வது என்று விதி சொல்லாது. அது அந்தந்தத் தொழிலின் அறிவியலைப் பொறுத்தது.

'திக்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். டீ விஷயத்தில் அதற்குள் குறைந்தது மூன்று தனித்தனி அளவுகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று நிறம். தேயிலைக் கொழுந்தில் கேட்டச்சின்கள் என்ற நிறமற்ற வேதிப்பொருள்கள் நிறைய உண்டு. அவற்றை மாற்றக்கூடிய நொதி, இலையின் செல்லுக்குள் வேறோர் இடத்தில் அடைபட்டிருக்கிறது. தொழிற்சாலையில் சி.டி.சி. இயந்திரத்தின் பல் வைத்த உருளைகள் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும்போது (1930இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய முறை இது) இரண்டும் கலக்கின்றன. காற்றின் ஆக்சிஜன் சேர்கிறது. பச்சை இலைக்கூழ் செம்பு நிறமாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் உருவாவது பொன்னிறமான தியாஃபிளேவின். இதைப் பொன்னிறமி எனலாம். காற்றில் இன்னும் விட்டுவைத்தால் அரக்குச் சிவப்பான தியாரூபிஜின் பெருகும், இது செந்நிறமி. இவ்விரண்டையும் 1950களில் பிரித்துக் காட்டியவர் இ.ஏ.எச். ராபர்ட்ஸ். அடர்ந்த நிறம் பெரும்பாலும் செந்நிறமியின் வேலை. டிக்காஷனின் பளபளப்பும், நாக்கில் சுறுசுறுவென்று பிடிக்கும் துவர்ப்பும் பொன்னிறமியும் காஃபீனும் சேர்ந்து தருவது.

இரண்டாவது, தூளிலிருந்து மொத்தமாக எவ்வளவு கரைந்து இறங்குகிறது என்பது. இதை நீர்ச்சாறு என்று சொல்லலாம். கறுப்புத் தேயிலைக்கான ஐஎஸ்ஓ 3720 விதியின்படி, எடையில் 32 சதவீதமாவது வெந்நீரில் கரைய வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியும் அதே அளவைத்தான் கேட்கிறது. எவ்வளவு விரைவாக இறங்கும் என்பது துகளின் அளவைப் பொறுத்தது. துகள் பாதியானால், அதே எடைக்குத் தண்ணீர் தொடும் பரப்பு இரண்டு மடங்கு. டீக்கடைகள் இலைத்தூளை விட்டு டஸ்ட் ரகங்களைக் கேட்பதன் காரணம் இதுதான். வரிசையில் நிற்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் கிளாஸ் போயாக வேண்டும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. வாயில் கனமாக உணரப்படும் திக்கு, பாலிலிருந்தும் வரலாம். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், டீயின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொண்டு துவர்ப்பைத் தணிக்கவும் செய்கிறது. அண்ணாச்சி கேட்கும் திக்கு இதுவென்றால், எந்தத் தொழிற்சாலைத் தூளை எப்படிக் கலந்தாலும் அது கிடைக்காது. அவர் மாற்ற வேண்டியது பால் பாக்கெட்டை.

ஒரு சொல் இப்படி மூன்றாகப் பிரிந்த பிறகுதான் மோதல்கள் கண்ணுக்குத் தெரியும். 'கலரும் இறங்கணும், சுறுசுறுன்னும் இருக்கணும்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலைக்கூழைக் காற்றில் அதிக நேரம் வைத்தால் செந்நிறமி ஏறும். பொன்னிறமி ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டுக் குறையத் தொடங்கும். நிறம் கூடக்கூடத் துடிப்பு குறையும். இரண்டையும் ஒரே தூளில் உச்சத்துக்குக் கொண்டுபோவது வேதியியல் அனுமதிக்காத காரியம். துடிப்பான ஒரு தூளையும் நிறம் தரும் இன்னொன்றையும் சேர்த்து நடுவழி காணலாம், அதற்கும் விலை உண்டு. இதை முதல் நாளே அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவதுதான் விதி கேட்கும் 'மோதலைத் தீர்த்தல்'. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் எதை விடுவீர்கள் என்று அவரைத் தேர்ந்தெடுக்க வைக்க வேண்டும். தானே தேர்ந்தெடுத்துவிட்டுச் சும்மா இருக்கும் நிபுணர்களே அதிகம். எனக்குத் தெரிந்து வாடிக்கையாளர் சண்டைகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அப்படியானால் ஆய்வகத்தில் இந்த நிறமிகளை அளந்து, 'இத்தனை சதவீதம்' என்று ஒப்பந்தம் போட்டுவிடலாமே? டிக்காஷனிலிருந்து பிரித்தெடுத்த சாற்றில் 380, 460 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். இந்த ஆசை பழையது. ஹில்டனும் எல்லிஸும் 1972இல் மத்திய ஆப்பிரிக்கத் தேயிலையை ஆராய்ந்து, பொன்னிறமியின் அளவை வைத்தே அதன் சந்தை மதிப்பை ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். பலருக்கும் உற்சாகம். ஆனால் கென்யாவின் மலைத் தேயிலையில் அந்தப் பொருத்தம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. பொன்னிறமி ஏற்கெனவே நிறைய உள்ள இடத்தில் விலையைத் தீர்மானிப்பது மணம் போன்ற வேறு குணங்களாக இருக்கலாம். ஓர் ஊரில் நிரூபணமான அளவுகோல் இன்னோர் ஊரில் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இயந்திரம் தரும் எண் உதவும். அண்ணாச்சியின் மனதில் உள்ள டீக்கு அது முழு மாற்று ஆகாது.

ஆகவே நாக்கையே கருவியாக்க வேண்டியிருக்கிறது. பெர்சி பிரிட்ஜ்மன் என்ற இயற்பியலாளர் 1927இல் ஒரு கருத்தை வலியுறுத்தினார்: எந்த அளவுக்கும் பொருள், அதை அளக்க நாம் செய்யும் செயல்களில்தான் இருக்கிறது. தரக் கட்டுப்பாட்டுத் துறைக்கு இதைக் கொண்டுவந்து பரப்பியவர்களில் டெமிங் முக்கியமானவர். 'செயல்முறை வரையறை' என்று இதைச் சொல்லலாம். எதை எடுத்து, எப்படிச் சோதித்து, எந்த முடிவு வந்தால் 'சரி', எது வந்தால் 'இல்லை' என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவர், விற்பவர் யார் செய்தாலும் ஒரே விடை வர வேண்டும்.

டீயைச் சோதிக்க ஒரு விதி 1980 முதலே இருக்கிறது: ஐஎஸ்ஓ 3103. வெள்ளைப் பீங்கான் பாத்திரம், 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், புதிதாகக் கொதித்த நீர், 6 நிமிடம். டீ போட ஒரு விதிமுறையா என்று உலகம் சிரித்தது. இதற்கு மூலமான பிரிட்டிஷ் விதிமுறைக்கு 1999இல் கேலி நோபல் எனப்படும் இக் நோபல் பரிசு கூடக் கொடுத்தார்கள். சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அது ருசியான டீ போடும் குறிப்பு அல்ல. இரண்டு தூள்களை ஒரே நிலையில் நிறுத்தி ஒப்பிடுவதற்கான ஏற்பாடு.

ஒப்பிடுவதற்கு எதிரே ஒன்று வேண்டும் அல்லவா? தையல்காரரிடம் எந்தப் பெண்ணும் 'கை கொஞ்சம் டைட்டா, கழுத்து கொஞ்சம் இறக்கமா' என்று சொல்லிவிட்டு மட்டும் வருவதில்லை; அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். பிளெண்டரும் அதையே கேட்க வேண்டும். உங்கள் கடைகளில் நன்றாகப் போகும் தூளைக் கால் கிலோ கொண்டுவாருங்கள். புகார் வந்த தூளையும் கொஞ்சம் கொண்டுவாருங்கள். 'இதைவிடக் கலர் கூட, அதைவிடக் கசப்பு குறைவு' என்று சொல்ல எந்த வாடிக்கையாளராலும் முடியும். தனியாக நிற்கும் 'நல்லா' என்பதை யாராலும் விளக்க முடியாது.

அடுத்த கேள்வி: அவர் சொல்லும் வித்தியாசம் உண்மையிலேயே அவர் நாக்குக்குத் தெரிகிறதா, பாக்கெட்டைப் பார்த்து வரும் நினைப்பா? புள்ளியியலின் புகழ்பெற்ற சோதனை ஒன்றும் டீயில்தான் பிறந்தது. பால் முதலில் ஊற்றியதா, டீ முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்வேன் என்றார் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த மியூரியல் பிரிஸ்டல். ஆர்.ஏ. ஃபிஷர் எட்டுக் கோப்பைகளை, வகைக்கு நான்காக, வரிசை கலைத்து வைக்கும் சோதனையை 1935இல் வெளியான தம் நூலில் விளக்கினார். எட்டையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

தொழிலில் இன்று பரவலாக உள்ளது முக்கோணச் சோதனை. மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு. வேறானது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஊகித்தால் மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். 24 பேருக்குக் கொடுத்தால், ஒன்றுமே தெரியாவிட்டாலும் சராசரியாக எட்டுப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 13 பேர் அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நேர்ந்திருக்க 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. வித்தியாசம் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். பத்துப் பேர்தான் சொன்னார்கள் என்றால் 'இரண்டும் ஒன்றுதான்' என்று உடனே எழுதிவிடக் கூடாது. வித்தியாசம் நிரூபணம் ஆகவில்லை, அவ்வளவே. ஒன்றுதான் என்று காட்ட இன்னும் நிறையப் பேர் குடிக்க வேண்டும். விலை மலிவான கலவையை நுழைக்க நினைப்பவர்கள் சௌகரியமாக மறந்துவிடும் நுணுக்கம் இது.

இதுவரை பார்த்தவை வாடிக்கையாளர் வாயால் சொன்னவை. அவர் சொல்லாமல் விட்டவற்றுக்கும் பிளெண்டர்தான் பொறுப்பு என்கிறது ஐஎஸ்ஓ 9001: பயன்பாட்டுக்கு அவசியம் என்று தெரிந்தால், கேட்காவிட்டாலும் அது தேவைதான், சட்டம் கேட்பதும் அப்படியே. 'இரும்புத்தூள் இருக்கக் கூடாது' என்று எந்த அண்ணாச்சியும் சொல்ல மாட்டார். ஆனால் சி.டி.சி. உருளைகள் இலையை அரைக்கும்போது தாமும் தேய்கின்றன. அந்தத் துகள் தூளில் சேர்கிறது. அதனால்தான் சலிக்கும் இடத்தில் காந்தங்களைப் பொருத்துகிறார்கள். கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இரும்புத்துகள் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. நிறத்துக்காகச் சாயம் சேர்க்கவே கூடாது. 'கலர் இறங்கணும்' என்ற கோரிக்கைக்குச் சிலர் குறுக்குவழியாகச் சாயத்தைப் பிடித்ததுண்டு. நீலகிரியில் தேயிலை வாரியம் இதற்காகப் பலமுறை சோதனை நடத்தியிருக்கிறது. தெளிவில்லாத ஒரு கோரிக்கை மோசடிக்கு எப்படிக் கதவு திறக்கிறது பாருங்கள்: கலர் இறங்க வேண்டும் என்று மட்டும் சொன்னால், சாயமும் அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடுகிறது. சந்தேகம் வந்தால் நனைத்த வடிதாளில் தூளைத் தூவி, சற்று நேரம் கழித்துத் தட்டிவிட்டுப் பார்க்கலாம். சாயம் இருந்தால் தாளில் கறை தங்கும்.

எல்லாம் எழுதி முடித்த தேவைப் பட்டியலில் எந்தத் தொழிற்சாலைத் தூள் எத்தனை கிலோ என்பது இருக்கக் கூடாது. ஜனவரிக் குளிரில் மெதுவாக வளர்ந்த கொழுந்தும் மழைக்காலத்தில் தளதளவென்று பெருகிய கொழுந்தும் ஒன்றல்ல. ஏலத்துக்கு ஏலம் சரக்கு மாறும். கலவை விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். மாறக் கூடாதது கிளாஸில் வரும் முடிவு. ஆகவே தேவை என்பதை முடிவின் மொழியில் எழுத வேண்டும்: இந்தத் தண்ணீரில், இந்தப் பாலில், இத்தனை கிராம் போட்டு, இத்தனை நேரம் வைத்தால், மாதிரித் தூளைவிட நிறம் குறையக் கூடாது, இப்படி.

இங்கேதான் இரண்டு சோதனைகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எழுதியபடி செய்திருக்கிறோமா என்று பார்ப்பது சரிபார்ப்பு. குன்னூர் சுவையறையில் வெள்ளைக் கோப்பைகளோடு அதைச் செய்துவிடலாம். செய்தது பயன்படும் இடத்தில் பயன்படுகிறதா என்பது பயன்முறைச் சோதனை, அது வேறு. ஐஎஸ்ஓ 3103 சொல்லும் பெரிய பாத்திரம் 310 மில்லிலிட்டர், அதற்குச் சேர்க்கும் பால் 5 மில்லிலிட்டர், ஒரு சின்னக் கரண்டி. அண்ணாச்சியின் கடைகளில் பாதிக் கிளாஸ் பால். அங்கே துணி வடிகட்டியில் தூள் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். 94 டிகிரித் தண்ணீரில் முதல் மதிப்பெண் வாங்கிய தூள், கடினநீரில் 100 டிகிரியில் வெந்து கசந்து போகலாம். மெல்லிய மலை மணத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து எடுத்த தூளின் மணம், பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு எங்கே போனது என்றே தெரியாது.

கடைசியாகச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்ற நிறுவனம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தால், உள்ளே இருக்கும் டீ நல்ல டீ என்று பொருள் இல்லை. சான்றிதழைத் தருவதும் ஐஎஸ்ஓ அமைப்பு அல்ல. அது விதியை எழுதுவதோடு சரி, சான்று தருபவை தனி நிறுவனங்கள். ஒப்புக்கொண்டதைத் தவறாமல் செய்வதற்கான ஒழுங்குமுறை அங்கே இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். எதை ஒப்புக்கொண்டீர்கள் என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள விஷயம்.

ஆகவே தூள் ஆர்டர் கொடுக்க மலையேறும் டீக்கடைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கிளம்பும்போது இப்போது ஓடும் தூளில் கால் கிலோவும், கடைத் தண்ணீரில் ஒரு கேனும் எடுத்துப் போங்கள். கொதிநிலையைக் கேனில் பிடித்துப் போக முடியாது; அதனால் பெயர் எழுதாத, எண் மட்டும் போட்ட மூன்று மாதிரிப் பொட்டலங்களை வாங்கிவந்து, உங்கள் பாய்லரில், உங்கள் மாஸ்டர் கையால் போட்டு, தினம் வரும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஆர்டரை அதற்குப் பிறகு போடுங்கள்.